முதுகு காட்டி நின்ற பேண்ட்

நம் வாட்ஸாப் குழுவில் போன வாரம் ஒருத்தி அந்தப் பழைய புகைப்படத்தைப் போட்டாள். கூடைப்பந்து அணி நாம், முட்டி வரை தொங்கும் பாவாடையும் அதற்குக் கீழே கால்சட்டையும் போட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறோம். கீழே 'நல்ல அணி, ஆனால் இறுதிப் போட்டியில் தோற்றுவிட்டோம்' என்று எழுதி, அழுகிற முகம் ஒன்றும் வைத்திருந்தாள். பள்ளியின் ஆண்டு விழா மலருக்கு நல்ல நினைவுகளை மட்டும் எழுதி அனுப்ப வேண்டுமாம். எது நல்லது, எது கெட்டது என்று அந்தப் பள்ளி அன்றைக்கும் நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, இன்றைக்கும் விடுவதாக இல்லை. நம் எல்லோருக்கும் முட்டிவலி வந்தாயிற்று, இனி யாருக்குப் பயம்? என்னிடம் இருப்பதை எழுதுகிறேன். மலரில் போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் நீங்கள் படித்தால் போதும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நம் பிள்ளைகள் கையில் கிடைத்தால் புரிய வேண்டுமே என்று சொல்கிறேன். துபாய்ப் பக்கத்து அஜ்மானில் நம் பள்ளி ஒரே கட்டடம், உள்ளே இரண்டு பள்ளிக்கூடம். காலையில் பெண்கள், மதியத்துக்கு மேல் பையன்கள். நாம் உட்கார்ந்து சூடாக்கிவிட்டுப் போன பெஞ்சில் அவர்கள் வந்து உட்காருவார்கள். மேசைக்குள் அவர்கள் விட்டுப்போன மிட்டாய்த் தாள் நமக்குக் கிடைக்கும், நாம் விட்டுப்போன ரிப்பன் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். அப்படியும் ஒரு பையனின் முகத்தைப் பார்த்துப் பேசியவள் நம்மில் யாருமில்லை.

பையன்களைக் கொண்டுவரும் பஸ்களே நம்மை ஏற்றிக்கொண்டு திரும்பும். அவர்கள் இறங்குவதற்கும் நாம் ஏறுவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கும். டிரைவர்களில் பாதிப் பேர் மதியத் தொழுகைக்குப் போவார்கள், மீதிப் பேர் டீ குடிக்கப் போவார்கள். அவர்கள் திரும்பி வரும் வரை அந்தப் பள்ளிக்கூடம் யாருக்கும் சொந்தமில்லாத இடம். நம் கூடைப்பந்து அந்த நேரத்தில்தான் நடந்தது.

ஆடுகளம் என்பது வாசலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே கிடந்த சிமெண்ட் தரை. கம்பத்தில் வளையம் மட்டும் இருந்தது, வலை எப்போதோ கிழிந்துபோயிருந்தது. பந்து மொட்டையாகத் தேய்ந்து கையில் வழுக்கும். கேன்வாஸ் ஷூவின் அடி சூடேறி ரப்பர் வாசனை அடிக்கும். இன்றைக்கும் தோஹாவில் நான் இருக்கும் நஜ்மா பகுதியில் ஒரு டயர் கடையைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தால் நின்றுவிடுகிறேன். நமக்குக் கோச் கிடையாது. பி.டி. மிஸ் பிரசவத்துக்கு லீவில் போனவர் திரும்பி வரவில்லை. யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தி கேப்டனாக இருந்தாள். அவள் சொன்னதுதான் சட்டம்.

என் அப்பா அந்தப் பஸ்களில் ஒன்றை ஓட்டினார். அம்மா எல்.கே.ஜி. வகுப்பில் ஆயா. பள்ளிக்குப் பின்னாலேயே எங்களுக்கு ஒரு ரூம். 'டிரைவர் மகள்' என்று உங்களில் சிலர் என் முதுகுக்குப் பின்னால் சொன்னது எனக்குத் தெரியும். டிரைவர் மகள்தான். அந்த டிரைவரை நம்பித்தானே நீங்கள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தீர்கள்?

அம்மாவுக்கு என் நிறத்தைப் பற்றித்தான் கவலை. "ஏட்டி, இந்த வெயில்ல ஆடி ஆடிக் கரிக்கட்டையா ஆயிட்ட. நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?"

"வராட்டாப் போறான்" என்பேன்.

அப்பா வேறு மாதிரி. "பத்தாப்பு முடிஞ்சதும் ஊருக்குப் போவப் போற. அங்க போயி பந்தா தட்டப் போற?" என்பார். அவருக்கு அந்தச் சிமெண்ட் தரை மேலேயே ஒரு கண். பஸ்களை வெளியே மணலில் நிறுத்த வேண்டியிருந்தது, சக்கரம் புதையும். ஆடுகளத்தை வண்டி நிறுத்த விடுங்கள் என்று டிரைவர்கள் எல்லோரும் சேர்ந்து பெரிய மிஸ்ஸிடம் கேட்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசியவர் என் அப்பா. வீட்டிலேயே எதிரணியை வைத்துக்கொண்டு ஆடியவள் நான்.

பெரிய மிஸ் என்று நாம் சொன்னது தலைமை ஆசிரியையை. சென்னைக்காரர். நடக்கும்போது புடவை சரசரப்பது நமக்கு முதலில் கேட்கும், அவர் பின்னால்தான் வருவார். நாம் ஒன்பதாவது படித்த அந்த வருஷம் யாரோ ஒரு பெற்றோர் அவரிடம் புகார் கொடுத்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும் பையன்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்களாம், பெண்பிள்ளைகள் குதிக்கிறார்களாம். பையன்கள் பார்ப்பது தப்பு என்றால் பையன்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கூப்பிட்டது நம்மை.

கேப்டனும் நானும் போனோம். அறையில் ஏற்கெனவே பேண்ட் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். கோவாக்காரர், பையன்களின் பேண்ட் வாத்தியக் குழுவுக்குப் பொறுப்பு. வகுப்பு நடக்கும்போது டிரம் அடித்தால் பாடம் கெடுகிறது என்று அவரையும் விரட்டியிருந்தார்கள். அவருக்கும் அந்த இடம்தான் வேண்டும், அந்த நேரம்தான் வேண்டும்.

"ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும்" என்றார் பெரிய மிஸ். "குடியரசு தினத்துக்கு பேண்ட் வேணும். கேர்ள்ஸ், நீங்க இதோட நிறுத்திக்கோங்க."

"டோர்னமெண்டுக்குப் பேர் குடுத்தாச்சு மிஸ்" என்றாள் கேப்டன்.

"ஒரு பையன் கண்ணு உங்க மேல படாம ஆட முடியுமா? முடிஞ்சா ஆடுங்க. நான் ஏன் தடுக்கப்போறேன்?"

முடியாது என்று நினைத்துத்தான் அதைச் சொன்னார். கேப்டன் பேண்ட் மாஸ்டரைப் பார்த்தாள். "சேர், உங்கட பெடியங்கள் வரிசையாத்தானே நிக்கிறவங்கள்? கிரவுண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கட்டும். வாசலால வாற ஆக்களுக்கு அவங்கள் மறைப்பு. அவங்களும் எங்களைப் பாக்கேலாது."

பேண்ட் மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. வளைகுடாவின் எல்லா மொழியையும் கலந்து அவர் ஒரு பாஷை பேசுவார். "அச்சா. எவன் திரும்புறான், அவனுக்கு டிரம் மாஃபி. கலாஸ்." திரும்பினால் டிரம் கிடையாது, அவ்வளவுதான் என்று அர்த்தம்.

பெரிய மிஸ் சொன்ன வார்த்தையை அவராலேயே விழுங்க முடியவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை. "கோப்பை கொண்டுவந்தா அடுத்த வருஷமும் கேர்ள்ஸ் டீம் இருக்கும். இல்லன்னா அந்த இடத்தை டிரைவர்ஸுக்குக் குடுத்துடுவேன்" என்றார்.

எனக்கு அந்த நாட்டில் இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி இருந்தது. பத்தாவது முடிந்ததும் ஊர், சித்தி வீடு, வாசல் தாண்டாத வாழ்க்கை. அந்த ஒரு வருஷத்தையும் பந்தோடு கழிக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. அது பேராசை என்று யாராவது சொன்னால் இப்போதும் சண்டைக்குப் போவேன்.

மறுநாளிலிருந்து பேண்ட் வந்து நின்றது. ஆடுகளத்தைச் சுற்றி வரிசையாக, வெள்ளைச் சட்டை முதுகுகள். நடுவில் பெரிய டிரம், இரண்டு பக்கமும் சின்ன டிரம்கள், ஓரத்தில் டிரம்பெட். பெரிய மிஸ் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார். ஒரு தலை கூடத் திரும்பாததைப் பார்த்துவிட்டு நிம்மதியாக உள்ளே போவார். பாவம், காதுக்கு முதுகு கிடையாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

முதல் சில நாட்கள் அந்தச் சத்தம் நமக்கு இடைஞ்சலாக இருந்தது. பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை, கால் தானாகவே பெரிய டிரம்மைப் பிடித்துக்கொண்டது. டம் என்றால் பந்து தரையில் இருக்கும், அடுத்த டம்முக்கு அடுத்தவள் கையில் இருக்கும். கேப்டன் கத்தி வழிநடத்துவதை நிறுத்திவிட்டாள், தேவைப்படவில்லை. அந்தப் பக்கமும் அப்படித்தான் நடந்திருக்கிறது. நாம் வேகமாக ஓடினால் சின்ன டிரம்கள் கடகடவென்று கூடவே ஓடி வரும். பந்து வளையத்தைத் தொடும் நேரம் சிம்பல் தட்டு வைத்திருந்தவன் ஒரு தட்டுத் தட்டுவான், விழுந்ததோ இல்லையோ அவனுக்கு எப்படித் தெரியும் என்று நாம் வியப்போம்.

பெரிய டிரம் அடித்தவன் காரைக்கால் பையன். அவன் வாப்பா அஜ்மான் சூக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். ஒரு நாள் பந்து உருண்டு அவன் காலடிக்குப் போய்விட்டது. எடுக்கப் போனபோது, திரும்பாமலே சொன்னான்.

"இடது கையால தட்டுறப்ப உனக்குப் பந்து கொஞ்சம் முந்தி விழுது."

"பாத்தீங்களா? மாஸ்டர்கிட்ட சொல்லட்டா?"

"பாக்கல. கேட்டேன். வலது கைக்கு சரியா இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அது உண்மை. "நீங்க மட்டும் என்ன, மார்ச்சுல கடைசி அடியை எப்பவும் இழுக்கிறீங்க" என்றேன்.

அவன் முதுகு கொஞ்சம் குலுங்கியது. சிரித்திருப்பான். இங்கே காதல் கதை தேடுகிறவர்கள் வேறு பக்கம் போகலாம். அவன் என் முகத்தைப் பார்த்ததே இல்லை, என் பந்தின் சத்தம் மட்டும்தான் அவனுக்குத் தெரியும். நான் இடது கையைத் திருத்திக்கொண்டேன், அவன் கடைசி அடியைத் திருத்திக்கொண்டான்.

இறுதிப் போட்டி ஷார்ஜாவில், பெரிய பள்ளி ஒன்றின் உள்ளரங்கத்தில் நடந்தது. போட்டி முடிந்ததும் வெளியே அணிவகுப்பு இருந்ததால் நம் பேண்டையும் கூப்பிட்டிருந்தார்கள். என் அப்பாவின் பஸ்ஸில்தான் எல்லோரும் போனோம். பெரிய மிஸ் முன்னால் நம்மை உட்காரவைத்து, பையன்களைப் பின்னால் தள்ளினார். நாம் திரும்பக் கூடாது என்று உத்தரவு. அன்றைக்கு முதுகு காட்டும் முறை நம்முடையது.

பெண்கள் ஆடும் அரங்கத்துக்குள் ஆண்கள் யாருக்கும் அனுமதி இல்லை. பேண்ட் வெளியே நிழலில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே ஏசி குளிர், மரத்தரை, கண்ணாடி மாதிரி பளபளப்பு. வளையத்தில் வெள்ளை வலை தொங்கியது. எதிரணிக்குப் புது ஷூ, பக்கத்தில் ஒரு கோச், அவர் கையில் விசில். நாம் அதற்கெல்லாம் பயப்படவில்லை. நம்மைக் கவிழ்த்தது அந்த அமைதி.

டிரம் இல்லாமல் நாம் ஒரு நாளும் ஆடியதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் கொடுத்தால் வாங்க வேண்டியவள் அங்கே இல்லை, கேப்டன் ஓடிய பக்கம் பந்து போகவில்லை. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டோம். உலகத்தில் எந்த அணியும் செய்யாத தப்பு இது, பேண்டைக் கேட்டு ஆடப் பழகிவிட்டு பேண்ட் இல்லாத இடத்துக்கு ஆட வருவது. பாதி ஆட்டத்தில் நாம் எங்கேயோ பின்னால் இருந்தோம். முன்வரிசை சோபாவில் பெரிய மிஸ் கைப்பையை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்ல" என்றாள் கேப்டன். அவள் கண்ணில் நீர் நின்றது. என்ன கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

அப்பா ஐஸ் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு கதவு வரை வந்திருந்தார். அதற்கு மேல் வர முடியாது. நான் போய் வாங்கினேன்.

"அப்பா, வெளிய பேண்டை அடிக்கச் சொல்லுங்க."

"உள்ள ஆம்பளையாள விட மாட்டாவளே."

"உள்ள வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு அடிக்கட்டும். நல்லா ஓங்கி."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். நாம் தோற்றால் அவருக்குச் சிமெண்ட் தரை கிடைக்கும், அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பெரிய மிஸ் கேட்டா?" என்றார்.

"கேக்கட்டும்."

கேனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.  செய்வாரா மாட்டாரா என்று தெரியாமல் நான் திரும்பி வந்தேன்.

விசில் அடித்து ஆட்டம் தொடங்கியது. பந்து இரண்டு கை மாறியது. அப்புறம் சுவர் டம் என்றது. மேலே இருந்த ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பேண்ட் மொத்தமும் சுவர் ஓரமாக வந்து நின்றிருக்கிறது, பிறகு கேள்விப்பட்டேன், இந்தத் தடவை நம்மைப் பார்த்தபடி. நடுவில் சுவர் மட்டும்தான்.

தோழிகளே, அதற்குப் பிறகு நாம் ஆடிய ஆட்டம் நினைவு இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால்கூட வாங்க ஆள் இருந்தது. புது ஷூக்காரிகளுக்கு அந்தச் சத்தத்தில் கால் குழம்பிவிட்டது. நமக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. என் இடது கைப் பந்து ஒரு முறைகூட முந்தி விழவில்லை. வித்தியாசம் குறைந்து குறைந்து ஒரே ஒரு கூடைக்கு வந்தது.

பெரிய மிஸ் எழுந்து வெளியே போனார். அங்கே நடந்ததை, பஸ்ஸில் திரும்பும்போது பையன்கள் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னார்கள். "யார் அடிக்கச் சொன்னது?" என்று கேட்டிருக்கிறார். "மார்ச்சுக்கு பிராக்டிஸ், மேடம். யார் கண்ணும் கேர்ள்ஸ் மேல இல்லை, சுவரைத்தான் பாக்கிறாங்க" என்றிருக்கிறார் பேண்ட் மாஸ்டர். பெரிய மிஸ் குச்சிகளைப் பிடுங்கிவிட்டார். டிரம் நின்றது.

உள்ளே நாம் நடு ஆட்டத்தில் இருந்தோம். பந்து என் கையில். திடீரென்று பழைய அமைதி. எல்லோர் காலும் ஒரு கணம் தடுமாறியது. அப்போது வெளியே ஒரு ஹாரன் அடித்தது. நம் பஸ்ஸின் ஹாரன், தொண்டை கட்டிய ஆடு கத்துகிற மாதிரி இருக்குமே, அதேதான். பாம், பாம், பாம். அப்பா டிரம்மின் இடத்தைப் பிடித்துவிட்டார்.

ஆனால் என் அப்பாவுக்குத் தாளம் என்றால் கிலோ என்ன விலை? இரண்டு அடி சேர்ந்து வரும், அடுத்தது வராது, வந்தால் மூன்றாக வரும். முதலில் கேப்டன் சிரித்தாள். அப்புறம் எனக்கு. அழுகையும் சிரிப்புமாகத்தான் நான் வளையத்தை நோக்கிப் பந்தை எறிந்தேன். அது வளையத்தின் மேல் சுற்றியது, சுற்றியது, வெளியே விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

இதற்கு நான் வருத்தப்பட்டதே இல்லை, இனியும் மாட்டேன். பந்தே வேண்டாம் என்ற ஒரு மனுஷன் எனக்காக ஊர் கூடி நிற்கும் இடத்தில் அப்படிச் சத்தம் போட்டார். ஒரு கோப்பைக்காக அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் கொடுப்பேனா?

அடுத்த வாரம் அசெம்பிளியில் பெரிய மிஸ் ஒழுங்கைப் பற்றிப் பேசினார். நம் தோல்விக்கு ஒழுங்கீனம்தான் காரணமாம். கம்பங்களை அறுத்து எடுத்தார்கள். வெள்ளைக் கோடுகளின் மேல் மஞ்சள் கோடு போட்டு, பஸ் பஸ்ஸாக இடம் பிரித்தார்கள். டிரைவர்கள் சந்தோஷமாக வந்து நிறுத்தினார்கள். என் அப்பா மட்டும் வரவில்லை. அவர் பஸ் வெளியே மணலிலேயே நின்றது.

பெரிய மிஸ்ஸே ஒரு நாள் கேட்டார். "டிரைவர், உங்களுக்கும்தானே இடம் விட்டிருக்கு? நீங்கதானே முதல்ல கேட்டீங்க?"

"எனக்கு அங்கதான் தோது, மிஸ்" என்றார் அப்பா.

தோது என்ன தோது, சில நாளிலேயே சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டது. பையன்கள் அப்போதுதான் இறங்கியிருந்தார்கள், நீங்கள் ஏறக் காத்திருந்தீர்கள், நான் கூட நின்றிருந்தேன். பெரிய மிஸ் மாடியிலிருந்து "பாய்ஸ் மட்டும் தள்ளுங்க" என்று கத்தினார். அவர்கள் தள்ளினார்கள், பஸ் அசையவில்லை. அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "இது போதாது. எல்லாரும் கை வையுங்க. இல்லன்னா இன்னைக்கு இந்த பஸ்ல யாரும் வீடு போயிக்கிட முடியாது."

அது உண்மையாக இருந்ததால் பெரிய மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாம் எல்லோரும் போய் அவர்களுக்கு நடுவில் புகுந்து கை வைத்தோம். என் பக்கத்தில் நின்றவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். உயரமான, மூக்குக் கண்ணாடி போட்ட பையன்.

"இடது கையா?" என்றான்.

"கடைசி அடியா?" என்றேன்.

அவன்தான் தாளம் சொன்னான். ஒரு டம்முக்கு ஒரு தள்ளு. பஸ் முனகிக்கொண்டு நகர்ந்தது, வாயெல்லாம் மணல், கேப்டன் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டாள். அப்பா ஹாரன் அடித்தார், அப்போதும் தாளம் தப்பாகவே.

பிறகு நான் பத்தாவது முடித்து ஊருக்குப் போகும் வரை அந்தப் பஸ் அடிக்கடி புதைந்தது. ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சேர்ந்துதான் தள்ள வேண்டியிருந்தது. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பள்ளிக்கு வருவதற்கு முன்னால் என் அப்பா பாலைவனத்தில் தண்ணீர் லாரி ஓட்டியவர். மணலில் ஒரு வண்டியைப் புதையாமல் நிறுத்த அவருக்குத் தெரியாதா?

அதனால், படம் போட்டவளே, அதற்குக் கீழே இருக்கும் அந்த வரியை எடுத்துவிடு, அழுகிற முகத்தையும் எடுத்துவிடு. இப்படிப் போடு: 'ஆடுகளத்தைப் பிடுங்கிய பிறகும் அடுத்த வருஷம் முழுக்கப் பயிற்சி நடந்தது. பஸ் தள்ளினோம்.'